ஓநாய்ப் பள்ளத்தில் எவ்வளவு பனி?

நம்புங்கள் என்று நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஒட்டிலியாவும் கெஞ்சவில்லை. யாரிடமும் எதற்காகவும் கெஞ்சுகிற பிறவி இல்லை அவள். ஆனால் நடந்தது நடந்ததுதான். அன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஹின்டர்பாக்குக்கு வந்து யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். கெப்ஹார்டிடம் மட்டும் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். கதவைச் சாத்திவிடுவான்.

ஒட்டிலியாவுக்கு அறுபத்து நாலு வயது. ஒரு காலத்தில் டிரோல் மலைநாடு முழுக்கப் பெயர் தெரிந்த பனிச்சறுக்கு வீராங்கனை. இப்போதும் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அவளுக்குப் பின்னால்தான் கீழே வந்து சேருவார்கள். அதனாலேயே அவளுக்கு எங்கள் ஊர் ஆண்கள் மேல் மரியாதை கிடையாது. யார் பேசினாலும் உதட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கேட்பாள். முழுப் பேச்சையும் கேட்க மாட்டாள். பாதியிலேயே வெட்டிவிடுவாள்.

வருடா வருடம் பிப்ரவரியில், பழைய ஸ்கீ சங்கத்துக்காரர்கள் மலையேற்றும் லிஃப்டில் ஏறி மேலே இருக்கும் உணவகத்தில் கூடுவார்கள். மதியச் சாப்பாடு. ஷ்னாப்ஸ் சாராயம். அப்புறம் பழைய குளிர்காலங்களைப் பற்றிய பெருமை. அந்தக் காலத்துப் பனி, அந்தக் காலத்து உயரம், அந்தக் காலத்து வீரம். ஒட்டிலியாவும் ஒரு வருடம்கூட விடாமல் போவாள். "நான் போகலேன்னா இவனுங்க புளுகறத யார் எண்ணுவா?" என்பாள்.

அந்த வருடம் ஜனவரி முழுக்கச் சரிவுகளில் பழுப்புப் புல்தான் தெரிந்தது. நடுவில் இயந்திரம் துப்பிய செயற்கைப் பனி ஒரு நாடா மாதிரி கிடந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் திடீரென்று காற்றோடு பனி கொட்டியது. அன்று மதியமும் மூடுபனி. அதனால் வந்தவர்கள் குறைவு. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே இறங்கிவிட்டார்கள். கணப்பு அடுப்பை ஒட்டிய மேசையில் லிஃப்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கெப்ஹார்ட், பேக்கரி வைத்திருக்கும் மைன்ராட், ஒட்டிலியா. அப்புறம் பெஞ்சின் கடைசியில் ஒருவன்.

"எழுபத்தொன்பதுல வாசக் கதவே தெரியல," என்று கெப்ஹார்ட் ஆரம்பித்தான். "மாடி ஜன்னல் வழியாதான் வெளிய வந்தோம்."

"போன வருஷம் கீழ் ஜன்னல்னு சொன்னே," என்றாள் ஒட்டிலியா. "ஊர்ல எல்லா இடத்துலயும் பனி உருகுதுடா. உன் வாயில மட்டும் வருஷா வருஷம் ஏறுது."

மைன்ராட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சிரித்தான். அடுப்புச் சூட்டில் அது மறுபடி மறுபடி ஆவி பிடித்துக்கொண்டிருந்தது. "எங்க வீட்ல அப்ப மாட்டுக் கொட்டாய்க் கூரை மேலயே சறுக்கிட்டுப் போவோம். அடியில மாடு கத்தறது கேக்கும்."

"கத்தியிருக்காது. சிரிச்சிருக்கும்."

"உனக்கு எதத்தான் தாயே நம்பத் தோணும்?" என்றான் கெப்ஹார்ட். முகம் சிவந்துவிட்டது. சூப் கிண்ணத்தை முன்னால் இழுத்துக்கொண்டான். "எண்பத்தாறு. அதச் சொல்லு பாப்போம். நீ அப்ப ஊர்லயே இல்ல, இன்ஸ்ப்ருக்ல இருந்தே. ஓநாய்ப் பள்ளத்துல பனி சரிஞ்சு ரெண்டு சுற்றுலாக்காரங்க புதைஞ்சு போயிட்டாங்க. தேடப் போன நம்ம ஆளு வென்டலின் மேல ரெண்டாவது சரிவு. நாலு மீட்டர்! நான் அங்க இருந்தேன். ராத்திரி பகல்னு பாக்காம தேடினோம். பசி கிடையாது, தூக்கம் கிடையாது..."

"நாலு இல்ல."

பெஞ்சின் கடைசியில் இருந்தவன்தான் சொன்னான். அதுவரை அவன் வாயே திறக்கவில்லை. முப்பது வயது இருக்கும். சாம்பல் நிற மேல்கோட்டு. முன்னால் இருந்த சூப்பைத் தொடவில்லை.

ஒட்டிலியாவுக்குக் குஷியாகிவிட்டது. "கெப்ஹார்ட், சாட்சி வந்தாச்சுடா! சொல்லு தம்பி, எத்தனை? ஆறா? பத்தா?"

"தெரியல. நான் பாக்கல. கேட்டேன்."

"பனியையா கேட்டே?"

"மேல நடக்கற சத்தத்த. புதைஞ்ச ஆளத் தேட நீளக் கம்பியால குத்துவாங்க இல்ல... சர்... சர்... அந்தச் சத்தம். ஒருத்தர் எனக்கு நேர் மேல வந்து நின்னார். 'இங்க ஒண்ணும் இல்ல, வா, சூப் ஆறிடும்'னார்." அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போயிட்டார்."

கெப்ஹார்டின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் தலையை நிமிர்த்தவில்லை.

ஒட்டிலியா கைகொட்டிச் சிரித்தாள். "அடேயப்பா! இந்த மேசையில முப்பது வருஷமா உக்காந்திருக்கேன். இப்படி ஒரு புளுக நான் கேட்டதே இல்ல. எண்பத்தாறுல நீ பொறந்திருந்தியா?"

அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அவள் ஊர் முழுக்கப் பார்க்கிற பார்வை. உதடு ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் கவனித்தாள். அவனும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். அதில் ஆவியே இல்லை. தோளில் பனித்துகள் ஒட்டியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அத்தனை நேரம் உட்கார்ந்தும்... அது உருகவில்லை.

'புதுசா ஏதோ துணி போல,' என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க," என்று அவன் எழுந்தான். "எவ்வளவுன்னு காட்டறேன்."

கெப்ஹார்ட் மெதுவாக, "ஒட்டிலியா... போகாதே," என்றான்.

"ஏன்? உன் புளுகு உடைஞ்சிடும்னு பயமா?"

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து காலில் ஸ்கீப் பலகையைக் கட்டினாள். பொய்யனைக் கையும் களவுமாகப் பிடிக்கிற சந்தோஷம் அவளுக்கு. மதியம் இரண்டு மணி. ஆனால் எதிரே எதுவும் தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. எங்கள் பக்கம் அதை வெள்ளை இருட்டு என்போம்.

அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. அவள் பின்னாலேயே சறுக்கினாள். இயந்திரப் பனி கெட்டியாக இருந்ததால் அவளுடைய ஸ்கீ கர்ர்ர்... கர்ர்ர்... என்று சுரண்டியது.

அவனிடமிருந்து சத்தமே வரவில்லை.

பாதை பிரியும் இடத்தில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அதற்கு இடது பக்கம் ஓநாய்ப் பள்ளம். புதுப் பனி காற்றோடு விழுந்த நாட்களில் அங்கே யாரும் போக மாட்டார்கள். குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். எப்போது தாண்டினான்?

"டேய்! அங்க போகாதே!"

அவன் திரும்பினான்.

"பயமா?" என்றான்.

அதே சொல். பத்து நிமிடம் முன்னால் அவள் கெப்ஹார்டிடம் சொன்ன அதே தொனியில்.

ஒட்டிலியா அதைப் பொறுப்பாளா? குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

இருபது முப்பது மீட்டர் போயிருப்பாள். பனி முழங்கால் வரை வந்தது. மெத்து மெத்தென்று, சத்தமில்லாத பனி. சாம்பல் நிறம் முன்னால் இருந்தது... மறைந்தது... மறுபடி தெரிந்தது. அவள் தற்செயலாகத் தன் ஸ்கீயின் நுனியைப் பார்த்தாள். அதற்கு முன்னால் இருந்த பனியைப் பார்த்தாள்.

தடமே இல்லை.

அவன் போன வழியில் ஒரு கோடுகூட விழவில்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

 திரும்பிவிடலாம் என்று உடம்பைத் திருப்பினாள்.

'வும்ப்...'

காலுக்கு அடியில் மலை பெருமூச்சு விட்டது.

பிறகு எல்லாம் நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். உருண்டாள். வாய்க்குள் பனி. மூக்குக்குள் பனி. ஒரு கையை எப்படியோ முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள்.

நின்றது.

இருட்டு. சிமெண்டுக்குள் வைத்துப் பூசின மாதிரி. விரலைக்கூட அசைக்க முடியவில்லை. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

ஹ்... ஹ்... ஹ்...

மூச்சைப் பிடித்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

இன்னொருவரின் மூச்சு. காதுக்குப் பக்கத்தில். நிதானமாக.

"இப்ப சொல்லுங்க," என்றது அந்தக் குரல். "எவ்வளவு?"

கத்தினாள். கத்தல் அவள் வாயை விட்டே வெளியே போகவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. தூக்கம் வந்தது. அப்போது மேலே...

சரக்... சரக்...

காலடி. பனியில் நடக்கிற காலடி.

சர்... சர்...

குத்துகிறார்கள். தள்ளி... பக்கத்தில்... மறுபடி தள்ளி.

காலடி அவளுக்கு நேர் மேலே வந்து நின்றது. கெப்ஹார்டின் குரல். கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது.

"மைன்ராட்... இங்க ஒண்ணும் இல்..."

நின்றுவிட்டது.

பீப்.

பீப்... பீப்...

"இங்கதான்! இங்கதான்டா! தோண்டு!"

வெளிச்சம் வந்தபோது அவளுக்குக் கெப்ஹார்டின் முகம்தான் தெரிந்தது. மூக்கு ஒழுக ஒழுக அழுதுகொண்டிருந்தான். மைன்ராட் வெறுங்கையால் பனியை வாரிக்கொண்டிருந்தான். ஒரு மீட்டர் ஆழம்தான். கால் மணி நேரம். அதற்கு மேல் போயிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மனசு கேட்காமல், உணவகத்தில் இருந்த மீட்புப் பையை எடுத்துக்கொண்டு உடனே பின்னால் இறங்கி வந்தார்களாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்கீத் தடம் போனதைப் பார்த்தார்களாம்.

"எத்தனை பேர் தடம்?" என்று ஒட்டிலியா கேட்டாள். உதடு நீலமாக இருந்தது.

"ஒண்ணுதான். உன்னோடது," என்றான் மைன்ராட். "நல்ல வேளை பீப்பர் போட்டிருந்தே. கம்பிய எடுத்துட்டுக் கிளம்ப இருந்தோம். அப்பதான் எங்களோடது கத்திச்சு."

பீப்பர் என்பது ஸ்கீக்காரர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தை மேலே தேடுகிறவரின் கருவிக்குச் சொல்லும். புதைந்தவரின் கருவி சொன்னால்தான் தேடுகிறவரின் கருவி கத்தும்.

ஒட்டிலியா கோட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே கம்பளிச் சட்டை மட்டும்தான்.

"நான் எந்தக் காலத்துலடா பீப்பர் போட்டேன்?"

கீழே மருத்துவமனையில் வைத்து, அந்த ஆள் யார் என்று மூவரும் பேசினார்கள். கெப்ஹார்டின் அண்ணன் மகன் என்று மைன்ராட் நினைத்திருக்கிறான். "என் கண்ணாடி பூரா ஆவி, முகமே சரியாத் தெரியல." சூப் கொண்டுவந்து வைத்த பணிப்பெண்ணோ, மைன்ராடின் மருமகன் என்று நினைத்திருக்கிறாள்.



"நான் முகத்தப் பாக்கல," என்றான் கெப்ஹார்ட். "குரலக் கேட்டதும் நிமிரவே முடியல. எண்பத்தாறுல, அந்தப் பள்ளத்துல, அந்த சூப் பேச்ச... சொன்னது நான்தான். பக்கத்துல மைன்ராடோட அப்பா மட்டும்தான் இருந்தார். அவரும் போய்ச் சேந்துட்டார். ஜூன்ல பனி உருகினப்பதான் வென்டலின் உடம்பு கிடைச்சது."

ஒட்டிலியா வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று மைன்ராட் எதிர்பார்த்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதற்காக எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று நினைக்காதீர்கள். ஈஸ்டருக்குள் மைன்ராட் ரொட்டி வாங்க வருகிறவர்களிடம், "மூணு மீட்டர் ஆழம்! நகம் பேந்து ரத்தம் கொட்டக் கொட்டத் தோண்டினேன்," என்று சொல்ல ஆரம்பித்திருந்தான். வந்தவர்களும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒட்டிலியா ஒரு நாள் ரொட்டியை வாங்கிக்கொண்டு, "மூணா? பரவால்லடா, அடுத்த வருஷம் என்னை ஆறுலேர்ந்து எடுத்துடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை என்று மைன்ராடே சொன்னான்.

ஜூன் மாதம் ஓநாய்ப் பள்ளத்தில் கடைசிப் பனியும் உருகியது. மலை மீட்புக் குழுத் தலைவி பெர்ட்டா, ஒட்டிலியாவின் ஸ்கீ கோல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கப் போனாள். கோல் கிடைக்கவில்லை. ஒட்டிலியாவைத் தோண்டி எடுத்த அதே இடத்தில், இரண்டு கல்லுக்கு நடுவில், வேறொன்று கிடைத்தது. அதைக் கொண்டுவந்து ஒட்டிலியாவின் சமையலறை மேசையில் வைத்தாள். நான் பக்கத்து வீடு. அப்போது அங்கேதான் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

பழைய காலத்து பீப்பர். மஞ்சள் நிறம் வெளுத்திருந்தது. கழுத்துக் கயிறு மக்கிப் போயிருந்தது. பின்பக்கம் ஆணியால் கீறிய எழுத்து தெரிந்தது: வெ... ன்... அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

"இதுதான் அன்னிக்கு அவனுங்க பீப்பரக் கத்த வெச்சுதா?" என்று ஒட்டிலியா கேட்டாள்.

பெர்ட்டா அதைத் திருப்பி மூடியைத் திறந்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஈர மண்.

"அது மட்டும் இல்லக்கா," என்றாள் பெர்ட்டா. ஓரத்தில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டினாள். "இதுல ரெண்டு நிலை உண்டு. ஒண்ணு, 'நான் இங்க இருக்கேன்'னு சொல்றது. இன்னொண்ணு, மத்தவங்களத் தேடறது. தேடறப்ப இது தன் இடத்தச் சொல்லவே சொல்லாது. அதான் அந்தக் காலத்துல அவரக் கண்டுபிடிக்க முடியாமப் போயிருக்கு. ரெண்டாவது சரிவு வந்தப்ப அவர் இத மாத்தி வெச்சுத் தேடிக்கிட்டிருந்திருக்கார்."

நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம்.

பொத்தான் துருப்பிடித்து இறுகியிருந்தது. பெர்ட்டா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். நகரவில்லை.

'தேடு' என்ற பக்கத்திலேயே இருந்தது.