கறுப்பு பென்டிரைவும் கலர் நூலும்

என் மனைவி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். எங்கள் தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். புதன்கிழமை எனக்கு விடுமுறை என்பதால், அன்று அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். அதனால் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. யார் கேட்கிறார்கள்?

முன்பு அவள் ஒரு மருத்துவமனையில் ரசீது போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டர் தினமும் இரண்டு தடவை நீலத் திரையைக் காட்டிவிட்டு மூச்சை நிறுத்தும். சரிசெய்ய வருபவர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. "எதனால கெட்டுச்சுன்னு தெரியாம எப்படி சார் சரியாகும்?" என்று இவள் ஒருநாள் கேட்டாள். அவர் முறைத்த முறைப்பில் இவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் கற்றுக்கொண்ட தொழில்தான் இது. பதினோரு வருஷம் ஆகிறது.

அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பெட்டியைத் திறந்து, மதர்போர்டின் பெயரையும் அது எத்தனையாவது பதிப்பு என்பதையும் கண்ணால் பார்க்காமல் டிரைவர் ஏற்றக் கூடாது. போர்டில் இருக்கும் சவுண்டு, நெட்டு எல்லாவற்றையும் வேலை வாங்குவது அந்த டிரைவர்தான். போர்டின் பதிப்பு மாறினால் டிரைவரும் மாறும். இரண்டாவது சட்டம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நாலைந்தை ஒன்றாக மாற்றிவிட்டால் எது கெடுத்தது, எது காப்பாற்றியது என்று கடவுளுக்கும் தெரியாது என்பாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினீங்க?" எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நான் ஒண்ணும் செய்யல." அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். உண்மை தெரிந்ததும் பக்கத்திலேயே அதையும் எழுதுவாள். தலைமையாசிரியர்: நான் ஒண்ணும் செய்யல. பக்கத்தில்: 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்ற விளம்பரத்தை நம்பிக் கிளிக்கியிருக்கிறார். பல் டாக்டர்: நான் ஒண்ணும் செய்யல. பக்கத்தில்: ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் ஈரத்துணி விட்டுத் துடைத்திருக்கிறார். மனசு சரியில்லாத நாட்களில் அந்த நோட்டை எடுத்துப் படித்துச் சிரிப்பேன்.

போன புதன்கிழமை போனது வீட்டு வரைபடம் போடுபவர் ஒருவரின் வீட்டுக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் இவள்தான் அவருக்குப் புது மதர்போர்டு மாட்டி, டிரைவர் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்தே கம்ப்யூட்டர் நாளுக்கு இரண்டு முறை படுக்கிறது. அவருடைய மனைவி மத்தியானத்தில் அதில் நெட்டில் சீட்டு விளையாடுவார். அந்த நேரத்தில்தான் அதிகமாகப் படுக்கிறது. "உன் சீட்டாட்டம்தான் மெஷினைக் கெடுத்துச்சு" என்று இவர் சொல்ல, அந்த அம்மா பன்னிரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. சாப்பாடு தயார் என்பதுகூடக் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப்பட்டிருந்தது.

"கடைசியா யாரு என்ன மாத்தினீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலங்க. அவளைக் கேளுங்க."

அந்த அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "சீட்டு விளையாடினேன். வேற ஒண்ணும் செய்யல. இந்த வீட்டுல யாரு நம்பறா?" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது.

என் மனைவி பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தாள். போர்டின் மூலையில் இரண்டாம் பதிப்பு என்று இருந்தது. பிறகு திரையில் தேடினாள். நெட்டுக்கு ஏறியிருந்தது முதல் பதிப்புக்கான டிரைவர். நெட்டில் கொஞ்சம் அதிகமாக வேலை வந்தால் போதும், மெஷின் சுருண்டு விழுந்துவிடும். ஏற்றிய தேதியைப் பார்த்தாள். அவள் வந்துபோன அதே நாள்.

வரைபடக்காரர் காபி கொண்டுவர உள்ளே போனார். நான் குனிந்து அவள் காதில் சொன்னேன்: "வைரஸ்னு சொல்லிடு. சரி பண்ணிட்டுக் கிளம்பலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

பதினோரு வருஷத்தில் அவள் கை பட்ட மெஷின் ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர் கெட்டுவிடுமே என்று எனக்குப் பதறியது. அவள் டார்ச்சை அணைத்து வைத்தாள். பையிலிருந்து பென்டிரைவ்களை எடுத்தாள். ஒரு வகை போர்டுக்கு ஒன்று என்று கணக்கு. எல்லாம் ஒரே மாதிரிக் கறுப்பு. அடையாளத்துக்குக் கலர் நூல் கட்டியிருப்பாள். இந்த போர்டின் முதல் பதிப்புக்குச் சிவப்பு, இரண்டாம் பதிப்புக்கு நீலம். நீல நூல் கட்டியதைச் செருகினாள். உள்ளே இருந்தது முதல் பதிப்பு. சிவப்பில் இரண்டாம் பதிப்பு. என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

சரியான டிரைவரை ஏற்றிவிட்டு, அந்த அம்மாவை உட்காரவைத்து விளையாடச் சொன்னாள். ஒரு மணி நேரம் விளையாடியும் மெஷின் அசையவில்லை. பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னாள்: "தப்பு என்னோடது. போன தடவை டிரைவரை மாத்தி ஏத்திட்டேன். உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்திருக்கணும். அக்கா விளையாடினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மன்னிச்சிடுங்க."

வரைபடக்காரரின் முகம் வெளுத்தது. அந்த அம்மா சீட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல், "கேட்டுதா?" என்றார். பன்னிரண்டு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் எங்களைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் "தப்புதான்மா" என்றார்.

தெருவுக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் ஏறாமல் நின்றாள்.

"ஏங்க, பென்டிரைவ் பையில கடைசியா என்ன மாத்தினீங்க?"

"நான் ஒண்ணும் செய்யல" என்றேன், யோசிக்காமலேயே.

சொல்லி முடித்ததும்தான் உறைத்தது. போன மாதம் பையைச் சுத்தம் செய்தபோது நூல்களெல்லாம் அழுக்கேறி இருந்தன. அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பழைய நூல்களை எல்லாம் ஒன்றாக அறுத்துப் போட்டுவிட்டு, வரிசையாகப் புது நூல் கட்டினேன். நடுவில் கேஸ்காரர் மணியடித்தார். எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கட்டினேன். அதாவது, விட்டதாக நான் நினைத்த இடத்திலிருந்து.

அவள் திட்டவில்லை. நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். நான் ஸ்கூட்டர் சீட்டின் மேல் நோட்டை வைத்து, அவள் எழுதுவது போலவே எழுதினேன். என் வீட்டுக்காரர்: நான் ஒண்ணும் செய்யல. பக்கத்தில்: எல்லா நூலையும் ஒரே நேரத்தில் அறுத்திருக்கிறார்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே மன்னிப்புக் கேட்டபோது, நான் பக்கத்திலேயே பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதற்கு முன் பொய் சொல்லச் சொன்னதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

ஸ்கூட்டரை மறுபடி ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் போய் மணியடித்தேன். வரைபடக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே அந்த அம்மா விளையாடிக்கொண்டிருந்தார்; பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

"எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன். "டாக்டரம்மா மேல தப்பு இல்ல. கம்பவுண்டர் மேலதான்."