கடைசிக் கேபிள் கார்

பிள்ளைகளே, ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் நாம் மூவரும் கழித்த அந்த இரண்டு நாட்களைப் பற்றி நான் உங்களோடு சரியாகக் கதைத்ததில்லை. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பலெர்மோவில் நான் வீட்டுவேலை செய்யும் லிபெர்த்தா தெரு வீட்டு எசமானி, அந்த சிஞ்ஞோராதான், போய்க் களைப்பாறிவிட்டு வா என்று என்னை அனுப்பினார். கேபிள் காரில் உச்சிக்கு ஏறிப் பனியைத் தொடுவோம் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஞாயிறு காலை நீங்கள் எழும்பியதுமே, பழக்கதோஷத்தில், விடுதி அறையின் கட்டில் விரிப்புகளைச் சரிசெய்து, குளியலறையைக் கழுவி, தரையையும் துடைத்துவிட்டேன். விடுதிக்கார அம்மா வந்து பார்த்ததும் அவர் முகம் சிவந்தது. அறை அழுக்காக இருந்ததா என்று இத்தாலியனில் கேட்டார். அப்பாவின் வேலையே இதுதான் என்று, மகளே, நீதான் அவருக்கு விளங்கப்படுத்தினாய். பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, இஞ்சை நீங்கள் விருந்தாளி. சும்மா இருங்கோ பாப்பம்!"

அந்த அம்மா என் கைத்துணியைப் பறித்துக்கொண்டு, வெளியே வெயிலில் கிடந்த வாங்கைக் காட்டினார். ஐந்து நிமிடம் என்றுதான் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. கடைசிக் கேபிள் காரும் போய்விட்டது. நீங்கள் இருவரும் என் காலடியில் இருந்து சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏன் என்னை எழுப்பேல்லை?"

"எழுப்பினா எழும்புவியளோ? உங்கடை குறட்டைக்கு அங்கை நிண்ட மாடெல்லாம் வெருண்டு ஓடிட்டுது" என்றாய் மகனே.

விடிந்தால் திரும்பும் பயணம். பனியை நாம் இன்னும் தொடவில்லை. பலெர்மோவுக்கு வந்த பிறகு, பகலில் நான் அவ்வளவு நேரம் தூங்கியது அன்றுதான்.