தபாலதிபரின் பெருவிரல்

என் மேசை இலாச்சியில் ஒரு பழைய வரைபடம் கிடக்கிறது. நான்காக மடித்தது, ஓரங்களில் வியர்வைக் கறை. உப்புவெளிக்குப் பின்னாலுள்ள பற்றைக்காடு அதில் இருக்கிறது. பாறைகள், ஆட்டுத்தடங்கள், கடல்நீர் தேங்கும் களப்பு எல்லாம் என் கையால் வரைந்தவை. நடுவில் ஓரிடத்தில், பொதிகளில் விலாசம் எழுதுவதுபோல் பெரிய உருண்டை எழுத்தில், நீலப் பென்சிலால் ஒரு கேள்வி: ‘இது பாதையா, வேலியா?’ எழுதியவர் எங்கள் தபாலதிபர்; எங்கள் எல்லோருக்கும் அவர் ‘சேர்’.

அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எங்கள் சிறிய கழகத்துக்கு வந்தார். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் வைத்துக்கொண்டு, காட்டுக்குள் ஒளித்துவைத்த கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்து ஓடிவரும் விளையாட்டு எங்களுடையது. ஞாயிறு காலையில் இருபது பேர் கூடினால் பெரிய கூட்டம். நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவள் என்பதால் கழகத்தின் வரைபடங்களும் என் தலையில் விழுந்தன. உண்மையைச் சொன்னால், நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். மயிரிழைக் கோடு போடுவதில் எனக்கு அப்படி ஒரு தலைக்கனம். எல்லோருக்கும் ஒரே அளவுத்திட்டம், படத்தில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் நூற்றைம்பது மீற்றர். இருபது வயதுக்காரனுக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே படம் கொடுப்பதுதான் நியாயம் என்று அடித்துச் சொல்வேன்.

தபாலதிபர் அளவுகோல் பாவிப்பதில்லை. தன் பெருவிரல் நகத்தின் அகலம் நிலத்தில் இருநூறு மீற்றர் என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தார். நகத்தைப் படத்தில் பதித்துப் பார்த்துவிட்டு, காலடிகளை எண்ணிக்கொண்டே ஓடி, கொடிக்கு முன்னால் போய் நிற்பார். அப்படிப்பட்டவர் எழுபதைத் தாண்டியதும் தடுமாறத் தொடங்கினார். சந்திகளில் நின்று படத்தைத் தூரப் பிடிப்பார், கிட்டப் பிடிப்பார். பிறகு ஏதோ ஒரு பக்கம் போவார். ஒரு ஞாயிறு அவர் திரும்பி வரவேயில்லை. இரண்டு மணித்தியாலம் தேடி, கடைசியில் களப்போரத்தில் வேலிக்கட்டை ஒன்றில் சாய்ந்து நின்றவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

அவருடைய மகள் அழுதுகொண்டு நின்றாள். “அக்கா, இனி அப்பாவைக் காட்டுக்குள்ள விட ஏலாது. அவருக்கு மறதி தொடங்கிட்டுது.” அவர் மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “ஓம், அப்பிடித்தான் போல கிடக்கு,” என்று சொல்லிவிட்டுப் படத்தை என் கையில் தந்தார். “வைச்சிருங்கோ பிள்ளை. எனக்கு இனித் தேவைப்படாது.” ஒரு மனிதர் தன் புத்தியையே சந்தேகிக்கத் தொடங்கியதை அன்று நேருக்கு நேர் பார்த்தேன். 

அந்த நீலப் பென்சில் கேள்வியை அடுத்த நாள் கந்தோரில்தான் கண்டேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அது வேலி. குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் தெளிவாக இருந்தன. ஆனால் படத்தை எடுத்துக்கொண்டு முற்றத்து மரநிழலில் நாலு தரம் வேகமாக நடந்து பார்த்தேன். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது, கண்ணில் ஒரு குறையுமில்லை. குறுக்குக் கோடுகள் மறைந்து, எனக்கும் அது பாதையாகத்தான் தெரிந்தது. அந்தப் “பாதை” வழியே போனால் நேரே களப்புத்தான். வழிதவறியது அவர் இல்லை, நான் போட்ட கோடு.

அவருடைய மகளிடம் போய் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு என்று கெஞ்சினேன். “வந்து சேராட்டி, இதோட சரி. பிறகு ஒருத்தரும் என்னட்டக் கேக்கக் கூடாது,” என்றாள். சம்மதித்தேன். ஒரு சென்ரிமீற்றருக்கு நூறு மீற்றர் என்று பெரிதாக்கிப் படத்தைப் புதிதாக வரைந்தேன். இடம் கூடக் கிடைத்ததும் கை சும்மா இருக்குமா? முன்பு விட்டுவைத்த ஆட்டுத்தடங்களையும் குட்டிப் பாறைகளையும் அதே மெல்லிய கோட்டில் சேர்த்தேன். தபாலதிபர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பிள்ளை, பெரிய வீடு எடுத்துப்போட்டுத் தட்டுமுட்டுச் சாமான் எல்லாத்தையும் கொண்டந்து நிரப்பினால், நடக்க எங்க இடம்?” அதைக் கிழித்துப் போட்டேன். பழைய படத்தில் எதையும் கூட்டாமல், கோடும் குறியீடும் எண்ணும் எல்லாம் ஒன்றரை மடங்கு தடிக்கும்படி அப்படியே பெரிதாக்கினேன்.

அந்த ஞாயிறு முடிவுக் கோட்டில் மகளும் நானும் நின்றோம். அவர் வர வேண்டிய நேரம் வந்தது, போனது. மகள் என்னைப் பார்க்கவில்லை. நான் கடவுள்கள் எல்லோரையும் கூப்பிட்டு முடித்த நேரத்தில், பற்றைக்குள்ளிருந்து அவர் வந்தார், முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

“கண் சரி பிள்ளை. கோடும் சரி. இந்தப் பெருவிரல்தான் பழைய கணக்கில ஓடினது!” முதல் கொடிக்கு வழக்கம்போல நகத்தை வைத்து இருநூறு மீற்றர் எண்ணியிருக்கிறார். புதிய படத்தில் அந்த நகம் நூற்று முப்பது சொச்சம்தான். கொடியைத் தாண்டிச் சேற்றுக்குள் இறங்கிய பிறகு, நின்று, யோசித்து, கணக்கைத் திருத்திக்கொண்டு, மிச்சக் கொடிகள் அத்தனையையும் பிழையில்லாமல் எடுத்திருக்கிறார். மகள் அவருடைய கையைப் பிடித்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மறதி எண்டால் இந்த விரலும் எல்லோ மறந்திருக்க வேணும்,” என்றாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடினார். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பெரிய படம் என்பது எங்கள் கழகத்தின் வழக்கமாகிவிட்டது. அவர் நோயில் படுத்து அவதிப்படாமல் போய்ச் சேர்ந்தார். நன்றி என்ற சொல்லை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அது ஒரு குறையாகவே இருக்கிறது.

போன மாதம் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. இப்போது கணினியில் படம் வரைகிற தம்பி, தொடக்கக் கோட்டில் நான் கேட்காமலே பெரிய படத்தை நீட்டினான். மனம் ஒரு கணம் சுருங்கியது. ஓடத் தொடங்கி நிழலுக்குள் போனதும், ஓடுகிற ஓட்டத்திலேயே பாதை பாதையாகவும் வேலி வேலியாகவும் தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது. முதல் கொடியைப் பழைய கணக்கில் தாண்டிப் போனேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து இலாச்சியைத் திறந்து அந்தப் பழைய படத்தை எடுத்தேன். மூக்குக்கண்ணாடி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பெருமைப்பட்ட மயிரிழைக் கோடுகள் அத்தனையும் கலங்கி ஒரே மண்ணிறமாகக் கிடந்தன. அவருடைய கேள்வியை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. ஒரு பென்சிலை எடுத்து அதன் கீழே, அவரைப் போலவே பெரிய எழுத்தில், “வேலி, சேர். பிழை என்னில,” என்று எழுதினேன்.