எச்சில் கையோடு நின்ற கல்யாணம்

முகூர்த்தச் சாப்பாட்டின் முதல் பந்தி எழுந்து வந்து கை கழுவும் குழாய்களைத் திறந்தது. காற்றுதான் வந்தது. பட்டுப் புடவையும் பட்டு வேட்டியுமாக அத்தனை பேரும் பாயசம் ஒட்டிய வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தார். பெண்ணின் அப்பா எங்கள் சமையல் காண்ட்ராக்டரைத் தேடி ஓடி வந்தார். “என்ன ஓய் இது? சம்பந்தியாத்துக்காரா எல்லாம் எச்சக் கையோட நிக்கறா! கை அலம்பக்கூட ஜலம் இல்லேன்னா நீர் எதுக்கு ஓய் கல்யாணம் எடுத்துக்கறீர்?” தோல்வியில்தான் ஒரு தலைவன் பாடம் படிக்கிறான் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தக் கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. கூடவே எரிச்சலும் வருகிறது.

அந்தக் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரை நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். மயிலாப்பூர்க்காரர். நான் அவரிடம் பரிமாறும் ஆட்களுக்கு மேஸ்திரி. கைமணம் உள்ள மனிதர், சாம்பாரை வாசனையிலேயே சரிபார்ப்பார். ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் எதையும் ‘இல்லை’, ‘தீர்ந்துவிட்டது’ என்று சொல்லக் கூடாது. அரிசி தீர்ந்தால் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பெண்கள் அப்படிச் சொல்வது வேறு. அதை ஒரு மண்டபத்துச் சமையலறைக்குச் சட்டமாக்கினால் என்ன ஆகும்? சிலிண்டர் தீர்ந்தாலும், பால் வராவிட்டாலும், ஆள் குறைந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னவனுக்குத்தான் திட்டு. அதனால் சொல்லாமல் சமாளிப்பதையே எல்லோரும் தொழிலாகக் கற்றுக்கொண்டார்கள்.

அன்று ஒருத்தி சொன்னாள். பாத்திரம் கழுவும் அக்கா, நொச்சிக்குப்பத்துக்காரி. அவள் குரல் சமையல்கட்டில் எழுந்தால் மேடை வரை கேட்கும். காலையில் தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு நேராக அண்ணாவிடம் வந்தாள்.

“அண்ணே, தொட்டில தண்ணி அடிக்குப் போயிக்கீது. லாரியும் வர்ல. போன் போட்டு இன்னான்னு கேளு.”

அண்ணா அடுப்புக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். “காலங்கார்த்தால அபசகுனமாப் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? போ, போய் வாயை அலம்பிண்டு வா.”

“வாய் கழுவறதுக்கும் தண்ணி வேணுமே அண்ணே.”

சமையலறையே சிரித்துவிட்டது. காய் நறுக்குகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணாவின் முகம் கறுத்துப் போனது. லாரிக்கு அவர் போன் செய்யவில்லை. நான் போய் நினைவுபடுத்தினேன். “உன் பந்தியை நீ பாரு” என்றார். ஒரு சிரிப்புக்காக ஒரு கல்யாணத்தையே காயப் போட்டார்.

பெண்ணின் அப்பா கத்தியபோது அண்ணா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பாத்திரம் தேய்க்கறவ ராத்திரி குழாயை மூடாம போயிட்டா மாமா. தொட்டி பூரா காலி. இனிமே அவ என்கிட்ட வேலை செய்ய மாட்டா” என்றார். அக்கா பின்வாசலில் நின்று அதைக் கேட்டாள். அழவில்லை. கரி ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“என்னைக் காட்டிக் குட்த்து நீ தப்பிச்சிக்கினியா? நல்லா இரு நைனா” என்றாள். அண்ணே என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணா மாறினார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மாட வீதிகளில் பேச்சு பரவி, வந்த கல்யாணங்கள் கைவிட்டுப் போனதும் பயந்து போனார். அடுப்பு பற்ற வைக்கும் முன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, “குறையைச் சொல்லுங்கோ. இல்லேன்னா இல்லேன்னே சொல்லுங்கோ” என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். பால் புளிப்பு வாடை அடிக்கிறது, கிரைண்டர் சூடாகிறது என்று எது சொன்னாலும் திட்டாமல் தலையாட்டிவிட்டு ஆளை அனுப்பிச் சரிசெய்தார். வேலை சுலபமானது. கல்யாணங்கள் திரும்பி வந்தன. சில மாதங்களுக்கு முன் தி.நகரில் நடந்த சமையல் காண்ட்ராக்டர்கள் கூட்டத்தில் மேடையேறி, “ஒரு சின்ன கவனக்குறைவு எனக்குப் பெரிய பாடமாச்சு” என்று பேசினார். கைதட்டினார்கள். யாருடைய கவனக்குறைவு என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை.

போன வாரம் சாந்தோம் பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். கொட்டிவாக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகிறாளாம்.

“இன்னா மேஸ்திரி, உங்காளு திருந்திட்டாராமே?”

“ஆமாக்கா. இப்பல்லாம் எது சொன்னாலும் கேக்கறாரு.”

“கேக்கட்டும். எனக்கு ஒரு மண்டபத்துலயும் வேலை தர மாட்றானுங்க. தொட்டிய காலி பண்ணவன்னுதான் பேரு. அவரு என்னைக் கூப்டவே வாணாம். அது நான் இல்லன்னு அவரு வாயால சொல்லட்டும், போதும்.” பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

நேற்று அடையாறில் ஒரு மண்டபம். வழக்கம்போல வட்டமாக நின்றோம். எண்ணெய் டின் ஒன்று ஒழுகுகிறது என்றார் ஒருவர். அண்ணா தலையாட்டி, மாற்றச் சொன்னார். என் முறை வந்தது. “அன்னைக்குத் தண்ணி போனதுக்கு அக்கா காரணம் இல்லைன்னு நீங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லலண்ணா. அதான் குறை” என்றேன். குரலைக் குறைக்கவில்லை. அண்ணா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பால் புளிப்பு வாடைக்குத் தலையாட்டுவதுபோலவே நிதானமாகத் தலையாட்டினார்.

“சரி. அடுத்து?”

எனக்கு அடுத்து நின்றவர் காய் நறுக்குகிறவர். அவர் வேறு குறை எதுவும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாவையே பார்த்தார். அவருக்கு அடுத்தவரும் கையைக் கட்டிக்கொண்டார். அண்ணா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.