நேர்த்திக் காசில் ஓடிய மெசின்

கோவிலடியில் கதைக்கிறவர்களின் வாயை எந்தச் சுவாமியாலும் மூட முடியாது. மொன்றியலில் ரொக்ஸ்பரோ ரயில் ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்கிற பாரில், சூதாட்ட மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கொறற்ரி உட்கார்ந்திருந்ததை யாரோ கண்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடிப்பதற்குள் கதை எல்லோர் காதிலும் ஏறிவிட்டது. புருசன் கெட்டது போதாதென்று பெண்சாதியும் கெட்டுப்போனாளாம். அவள் அங்கே இருந்தது உண்மை. மிச்சமெல்லாம் கண்டவர்களின் கைச்சரக்கு.

மரியகொறற்ரி மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. சென் லோறனில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை. புருசன் சூசைதாசன் ஓர் இரும்புப் பட்டறையில் நின்றார். குடி இல்லை, புகை இல்லை, யாருடனும் உரத்துக் கதைக்காத மனிதர், கோவிலில் பாட்டுக்குழுவில் பின்வரிசை. அப்படிப்பட்டவரைத்தான் பாரில் நின்ற கண்ணாடிப் பெட்டி பிடித்துக்கொண்டது. ரயிலால் இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில், குளிருக்கு ஒரு கோப்பி குடிக்கலாமென்று உள்ளே போனவர். முதலில் அவருடைய சம்பளம் போனது. பிறகு கொறற்ரியின் காப்பு போனது. பிறகு மகள் ஷெரோனின் படிப்புக்கென்று எடுத்து வைத்திருந்ததும் போனது. ஷெரோன் ஒரு நாள் உடுப்புகளை அள்ளிக்கொண்டு லொங்குய்யில் சிநேகிதியோடு இருக்கப் போய்விட்டாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தவக்காலத்தில்தான் சூசைதாசன் முழங்காலில் விழுந்து அழுதார். கொறற்ரி ஒரு பால்மாத் தகரப் பேணியின் மூடியில் கீறல் வெட்டி, மடு மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அவர் பாருக்குள் போகாமல் நேரே வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு நாளும், தன் கையால் அதற்குள் ஓர் இருபத்தைந்து சதக் குற்றி போடவேண்டும். அடுத்த வருசம் ஆவணியில் றிகோ மாதா கோவிலில் நம்மவர்கள் கூடுகிற திருநாளுக்குப் பேணியைக் கொண்டுபோய் ஒப்புக்கொடுப்பது. இதுதான் நேர்த்தி. சூசைதாசன் அன்றாடம் வந்து, சிலுவை அடையாளம் போட்டு, காசைப் போட்டார். குசினியில் சமைத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டு கொறற்ரி நிம்மதியாக மூச்சு விடுவாள்.

ஆனால் மனிதரின் விரல் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசையில், தொலைக்காட்சிக்கு முன்னால், பூசை வாங்கில் கூட அவருடைய வலதுகை பொத்தான் அமத்துவது போல அடித்துக்கொண்டே இருந்தது. இது கனநாளைக்குத் தாங்காதென்று கொறற்ரிக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, அவளோடு வேலை செய்கிற கத்தரின், செத்துப்போன தன் தகப்பனின் பேஸ்மென்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்தாள். அங்கே எண்பதாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்த ஒரு வீடியோ சூதாட்ட மெசின் கிடந்தது. படம் வராது, ஆனால் பூட்டுக்குத் திறப்பு இருக்கிறது, தூக்கிக்கொண்டு போனால் போதும் என்றாள் கத்தரின்.

சிங்கத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே ஒரு சிங்கத்தைக் கட்டி வளர்க்கிற யோசனைதான். ஷெரோன் தொலைபேசியில் கத்தினாள்.

"மம்மி, உங்களுக்கு என்ன விசரே? அப்பாவுக்கு நீங்களே வாங்கிக் குடுக்கிறீங்களோ?"

"இது ஆற்றையும் காசைத் தின்னாது பிள்ளை. விழுகிற காசும் எங்கடை, போடுற காசும் எங்கடை. மனிசன் வீட்டிலை இருக்கும். எனக்கு அது காணும்."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். மனிதர் வீட்டில் இருக்கவேண்டும்.

மெசின் கொறற்ரி வீட்டுப் பேஸ்மென்டுக்கு வந்தது. கதவைத் திறந்து, மின்பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நினைவுக்கு மின்சாரம் கொடுக்கிற சின்ன பற்றரி கசிந்து, சுற்றியிருந்த செப்புக் கோடுகளைப் பச்சையாய் அரித்திருந்தது. அதை வெட்டி எறிந்து, பலகையைக் கழுவி, அறுந்த கோடுகளுக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டாள். தொழிற்சாலையில் நாள் முழுக்கச் செய்கிற வேலை, கை தன்பாட்டில் ஓடியது. திரைப்பெட்டிதான் பயம் காட்டியது. மன்னாரில் முன்பு ரீவி திருத்துகிற கடை வைத்திருந்த யோகேந்திரனுக்குத் தொலைபேசி அடித்துக் கேட்டாள்.

"அக்கா, வயரைக் கழட்டினாப் பிறகும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ளை கறண்ட் நிக்கும். முதல் அதை நிலத்துக்கு இறக்கிப்போட்டுக் கையை வையுங்கோ. இல்லாட்டி ஆளைத் தூக்கி எறிஞ்சுபோடும்."

அவர் சொன்னபடி, இரும்புச் சட்டத்தோடு கம்பியால் தொடுத்த திருப்புளியைக் குழாயின் இறப்பர் மூடிக்குக் கீழே விட்டாள். சடாரென்று ஒரு பொறி. பிறகு ஊதிப்போயிருந்த கப்பாசிட்டர்களைக் கழற்றிப் புதுசு வைத்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரை மினுங்கி, சிவப்புப் பழங்களும் மணிகளும் வந்து நின்றன. சூசைதாசன் படியில் நின்று பார்த்தார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைக் கொறற்ரி கலியாண வீட்டில்கூடக் கண்டதில்லை. சந்தோசமும் அருவருப்பும் ஒன்றாய் வந்தன அவளுக்கு.

இனிக் காசு வேண்டும். மெசினின் வயிற்றுக்குள் ஒரு பெரிய கிண்ணம் இருக்கிறது. வெற்றி விழுந்தால், அதற்கு அடியில் ஒரு தட்டு சுற்றி, காசை ஒவ்வொன்றாய் வெளியே தள்ளும். அந்தக் கிண்ணம் நிறைய வேண்டும். கொறற்ரி மாதா படத்தடியில் போய்ப் பேணியை எடுத்தாள்.

இந்த யோசனை வேறு யாருக்கும் வந்திராது. பக்தி முற்றிய ஒரு பேசாலைக்காரிக்குத்தான் வரும். சொந்தக் காசென்றால் மனிதர் ஒரு நாள் அள்ளிக்கொண்டு பாருக்கு ஓடிவிடுவார். நேர்த்திக் காசென்றால்? மாதாவின் காசில் கை வைக்கிற அளவுக்கு அவர் போகமாட்டார். திருநாளுக்கு முதல் கிண்ணத்தைக் கவிழ்த்துத் திரும்பப் பேணிக்குள் போட்டால் கணக்குச் சரி. மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேணியைக் கிண்ணத்துக்குள் கவிழ்த்தாள். பேணி வெறுமையாகத் திரும்பவும் படத்தடிக்குப் போனது. அவரும் அன்றாடம் வந்து போட்டார்.

அந்த மாரி நல்லபடி கழிந்தது. வெளியே பனி கொட்டும்போது கீழே காசு கலகலத்தது. வேலையால் வந்து, பேணியில் ஒன்று போட்டு, சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போவார். சில நாள் ரயில் பிந்தியது என்றார். மொன்றியல் மாரியில் ரயில் பிந்துவது புதினமா? கொறற்ரி நம்பினாள்.

திருநாள் நெருங்க, கோடையில் மெசின் நின்றது. வெற்றி என்று திரை சொல்லும், மோட்டர் ஒரு தரம் முனகும், காசு வராது, உச்சியில் இருக்கிற விளக்கு மட்டும் வெட்டி வெட்டி எரியும்.

"மோட்டர் எரிஞ்சுபோச்சு. பழஞ்சாமான்தானே, விடு கொறற்ரி," என்றார் சூசைதாசன்.

அவளால் விடமுடியுமா? மெசின் நின்றால் மனிதர் நிற்கமாட்டார். மோட்டருக்குத் தனியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள், சுழன்றது. காசை எண்ணுகிற ஒளிக்கண்ணைத் துடைத்தாள். செருகிகளைக் கழற்றிச் சுரண்டினாள். திரைப்பெட்டியாலும் ஏதும் குழப்பமோ என்று அதையும் மறுபடி திறந்து, அந்தப் பொறியை மறுபடி வாங்கினாள். சூசைதாசன் பக்கத்தில் நின்று ரோர்ச் வெளிச்சம் பிடித்தார். கவனமாய்ச் செய் என்று சொன்னார்.

கடைசியில், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், கிண்ணத்தையே கழற்றி நிலத்தில் விரித்த பேப்பரில் கவிழ்த்தாள். மேலே கொஞ்சம் இருபத்தைந்து சதக் குற்றிகள். அதற்குக் கீழே எல்லாம் வாசர். நடுவில் ஓட்டை போட்ட, திருகாணிக்கு அடியில் வைக்கிற இரும்பு வாசர்கள், அவருடைய பட்டறையில் குற்றியின் அளவுக்கே பொறுக்கி எடுத்தவை. கிண்ணத்தில் காசு இறங்க இறங்க, அவற்றில் ஒன்று தட்டுக்குள் சாய்ந்து இறுகியிருந்தது. மெசினில் ஒரு பழுதும் இல்லை.

கொறற்ரி பேப்பருக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டாள். அவர் காசை எடுத்துவிட்டு வாசரைப் போட்டது ஒரு பக்கம். ஒரு பழுதுமில்லாத மெசினில் அவள் மின்சாரத்துக்குள் கைவிட்டுத் தேடும்போது, எல்லாம் தெரிந்தவர் ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதுதான் நெஞ்சை அறுத்தது.

பின்னேரம் சூசைதாசன் வந்தார். வழமைபோல மாதா படத்தடிக்குப் போய், சிலுவை அடையாளம் போட்டு, பேணியில் போட்டார். மத்தியானம் முழுக்க வாசரைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டவளுக்கு அது காசின் சத்தமில்லை என்று புரிந்துவிட்டது. வந்து பேணியை எடுத்து, திருப்புளியால் மூடியை நெம்பினாள். உள்ளே எல்லாம் வாசர், காசென்று ஒன்றுகூட இல்லை.

"என்னை ஏமாத்துங்கோ, பரவாயில்லை," என்றாள். "மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு இதைப் போட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

சூசைதாசன் மூடியை வாங்கிப் பேணியின் மேல் திரும்ப வைத்தார்.

"கும்பிட்டது உண்மையாத்தான் கும்பிட்டனான், கொறற்ரி."

அது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளிடம் போயிருக்கலாம். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. இறுகியிருந்த வாசரை நெம்பி எடுத்து, தட்டை நேராக்கி, கிண்ணத்தைக் கழுவிப் பூட்டினாள். தெருமூலை டெப்பனேர்க் கடையில் போய்த் தன் சம்பளத்தில் குற்றிகள் மாற்றி வந்து நிரப்பினாள். இந்த முறை அது மாதாவின் காசில்லை, அவளுடையது. எடுத்துக்கொண்டு ஓடினாலும் ஓடட்டும், ஓடுகிறதற்கு முதல் கொஞ்சம் வீட்டில் இருக்கட்டும். ஒரு தரம் விளையாடிப் பார்த்தாள். காசு கலகலவென்று விழுந்தது.

ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்ரேசனுக்குப் போனாள். ஆட்கள் இறங்கினார்கள், அவர் இல்லை. அதுவரை ஒரு நாளும் மிதியாத பார் வாசலை மிதித்தாள். உள்ளே, மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு சூசைதாசன் இருந்தார். திரையின் வெளிச்சம் அவருடைய கன்னத்தில் நிறம் மாறி மாறி விழுந்தது. பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

அவர் திரும்பவில்லை. வந்திருப்பது யாரென்று தெரிந்துதான் கேட்டார்.

"வீட்டு மெசின் சரிவந்ததோ?"

"ஓம். திருத்திப்போட்டன். காசும் போட்டிருக்கு. வாங்கோ, வீட்டை போவம்."

"நீ போ. பேந்து வாறன்," என்று சொல்லிப் பொத்தானை அமத்தினார்.

கொறற்ரி போகவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கோவில்காரர் யாரோ கண்டது அப்போதுதான்.