குழாயடிக்கு நான் கொண்டுபோன செய்தி

வெயிலில் காயவைத்த பேட்டரிக்கு ஒரு வாசனை உண்டு. துருவும் சூடேறிய மெழுகும் கலந்தது போன்ற அந்த வாசனையை இப்போது எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. லாபு என்ற ஊருக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் "இன்ஜின் கரண்டு" மாலை ஆறரைக்குத்தான் வரும், வட்டாரத் தமிழ் நிகழ்ச்சியோ வானொலியில் ஐந்து மணிக்கே தொடங்கிவிடும் என்பதால், பள்ளிவிட்டு வந்ததும் நான்கு பேட்டரிகளையும் வாசல் கல்லில் பரப்பி வைத்து, செத்துக்கொண்டிருந்தவற்றுக்கு இன்னும் ஒரு வாரம் ஆயுள் வாங்குவது என் வேலையாக இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்குப் பத்து வயது.

அந்த நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். எந்தத் தோட்டத்தில் எந்தத் தலைவர் மண்டபம் திறந்துவைத்தார், எந்தப் பள்ளிக்கு இன்னும் கூரை வரவில்லை என்ற செய்திகள் முதலில் வரும். பிறகு மூச்சுவிடாமல் வாசிக்கப்படும் பெயர்ப் பட்டியலோடு இரண்டு விருப்பப் பாடல்கள். கடைசியில், ஒருவர் நேராகக் கேள்வி கேட்க இன்னொருவர் சுற்றி வளைத்துப் பதில் சொல்லும் நடப்பு விவகாரம். எல்லாம் நல்ல தமிழில் இருக்கும். அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. நாங்கள் பேசிய தமிழில் விடியலில் பெயர் கூப்பிடும் "பெரட்டு" இருந்தது, வேலை வாங்கும் "மண்டோர்" இருந்தார், சந்தைக்கு "பசார்" இருந்தது. வானொலியில் வந்ததெல்லாம் ஆவன செய்யப்படும், கவனத்தில் கொள்ளப்படும் என்று விறைப்பாக நின்ற சொற்கள்.

ஐந்து மணிக்குப் பெண்கள் எல்லோரும் பொதுக் குழாயில் வரிசையில் நிற்பார்கள். விடியும் முன்னே எழுந்து மரம் சீவிவிட்டு, மதியம் ரப்பர்ப் பாலை ஊற்றிவிட்டு வந்தவர்கள், தண்ணீரை விட்டுவிட்டு வந்து வானொலி கேட்க முடியாது. ஆகவே வகுப்பில் தமிழுக்கு முதல் மதிப்பெண் வாங்கிய நான் செய்தியைக் கேட்டு, பாட்டு தொடங்கும் முன்னே குழாயடிக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. "இந்தா, நியூஸ்காரி வந்துட்டா" என்று வழிவிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

அந்த வருடம் தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு உறுதியாகிவிட்டது. மரத்தையும் நாங்கள் குடியிருந்த லயத்தையும் இடித்துத் தள்ளிவிட்டு வீட்டு மனை போடப் போவதாகச் சொன்னார்கள். எங்களுக்கு மாற்று வீடு வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியிருந்தார்கள். இதற்கிடையில், தோட்டத்துப் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு பக்கத்து ஊரான ராசாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி வேலை கிடைப்பதாக இருந்தது. பள்ளி வளவுக்குள்ளேயே குடியிருக்க ஒரு சின்னக் கல்வீடும் உண்டு. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் போய்விட ஆசை. அம்மாதான் "மனுவுக்கு ஒரு பதில் வரட்டுங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வந்தது அந்தச் செய்தி. எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, தொழிலாளர்களின் வீட்டுக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்றார் அறிவிப்பாளர். நான் ஓடினேன். ஓடும்போதே எனக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியாது என்று.

"நம்ம வீடு பரிசீலனையில இருக்குதாம்" என்றேன்.

"பரிசு சீலையா? வீடு கேட்டா சீலை குடுக்கிறாங்களா?" என்றார் அடுத்த வீட்டுச் செல்லம்மா அத்தை. குழாயடியே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சீலை இல்ல அத்தை. பரிசீலனைன்னா, சரின்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "நல்லாக் கேட்டியா?" என்றாள். கேட்டேன் என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன்.

புதன்கிழமை பள்ளியில் ஆசிரியையிடம் பட்டும் படாமலும் அந்தச் சொல்லைக் கேட்டேன். யோசித்துப் பார்க்கிறார்கள் என்று பொருள், கொடுப்பார்கள் என்பதில்லை என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. தெரியாமல் சொன்னதற்கு யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் குழாயடியில் மறுபடியும் சிரிப்பார்களே என்று பயந்தேன், அவ்வளவுதான். அப்பா சனிக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, மோட்டாரை எடுத்து ராசாவுக்குப் போய், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு மாதக்கணக்கில் வானொலி அதே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. தேர்தல் வந்தபோது வேட்பாளர் ஒருவர் வந்து, ஒரே நீல நிறத்தில் வீட்டுக்கு ஒரு சீலை கொடுத்துவிட்டுப் போனார். செல்லம்மா அத்தை அதை விரித்துப் பிடித்து, "பாத்தியா லா, நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு வீடு இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். தெமியாங்கில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறைக்கு நாங்கள் குடிபோனோம். அம்மா சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினாள், அப்பா யார் யாருடைய லோரியையோ ஓட்டினார். பேருந்தில் ராசாவைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பள்ளிக்குள் இருந்த கல்வீட்டை அவர் திரும்பிப் பார்ப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எதிர்ப்பக்கச் சன்னலைப் பார்ப்பேன்.

இப்போது அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இரும்புக் கேட்டு போட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வட்டார நிகழ்ச்சி எப்போது நின்றது என்றுகூட யாருக்கும் நினைவில்லை. வானொலி நாள் முழுக்கப் பேசுகிறது. எந்தத் தோட்டத்தின் பெயரையும் அது சொல்லிக் கேட்டு வெகுநாளாகிறது. சொல்ல அப்படிப் பெயர்களும் மிச்சமில்லை.

அப்பா இறந்து ஆறு வருடம். போன மாதம், முழங்கால் வலியோடு படுத்திருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுமந்து சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது.

அம்மா ஆச்சரியப்படவில்லை. "தெரியுமே. மறுநாளே ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்டப் போய்க் கேட்டேன். அவரு சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏம்மா அப்பாகிட்டச் சொல்லல?"

"ராசாவுக்குப் போனா உங்கப்பாவுக்கு வேலை, வீடு எல்லாம் இருக்கும். எனக்கு என்ன இருக்கும்? தோட்டத்துல எனக்குன்னு ஒரு நெரை மரம் இருந்துச்சு. என் கையால சீவி, என் பேர்ல சம்பளம். இன்னும் கொஞ்ச நாளாவது இருந்துட்டுப் போறேன்னுதான் பேசாம இருந்துட்டேன்."

முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஒருத்திதான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை, களைப்புதான் வந்தது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். அவள் கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீயாவது அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே, பாப்பா."