பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேர்

சிறு கடைகளுக்குக் கடன் கொடுக்கும் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டினேன். கடனுக்குச் சரி சொல்வதற்கு முன் கடையை நேரில் பார்ப்பது என் வேலை. சொல்லிவிட்டுப் போனால் நாடகம் போடுவார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்காரர், பக்கத்துக் கடைச் சரக்கை இரவல் வாங்கித் தன் அலமாரியில் அடுக்கியிருந்தார். விலைச் சீட்டில் பக்கத்துக் கடைப் பெயர்! அதற்குப் பிறகு யாராவது சிரித்தாலே எனக்குச் சந்தேகம். "சோத்துல உப்பு இருக்கான்னுகூட ரெண்டு பேர்கிட்ட விசாரிப்பீங்க" என்பாள் மனைவி.

ஒரு தீபாவளிக்கு முன்னால், சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் பிளவுஸ் தைக்கிற பெண் ஒருவர் கடன் கேட்டிருந்தார். ஒரே மிஷின், அவர் ஒருத்தர்தான். இன்னொரு மிஷினும் தைக்க ஆளும் வேண்டும், வாடகை ஏறிவிட்டது, இந்தத் தீபாவளிக்குச் சம்பாதிக்காவிட்டால் கடையை விடவேண்டியதுதான் என்றார். இப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை சொல்லாமல் போய் நின்றேன். பெஞ்சில் மூன்று பெண்கள். ஒருவர் கையில் பச்சைக் குடை. பரவாயில்லை, வியாபாரம் நடக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வியாழன் மறுபடி போனேன். அதே மூன்று பேர்! யார் கையிலும் துணி இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு இவங்க?" என்று டெய்லரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கஸ்டமர் சார்" என்றவர் தலையைக் குனிந்துகொண்டார். போதாதா? கூட்டம் காட்ட ஆள் பிடித்து உட்கார வைத்திருக்கிறார் என்று எழுதி, மனுவைத் தள்ளிவிட்டேன்.

தீபாவளி முடிந்ததும் கடை மூடிக் கிடந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, தெம்பனிஸ் போகும் ரயிலில் அந்தப் பச்சைக் குடை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்கள அந்த டெய்லர் கடையில பாத்திருக்கேன்ல? துணியக் குடுத்துட்டு மூணு வாரம் நடந்தேன்ணே. எப்பப் போனாலும் அடுத்த வியாழக்கிழமை வாங்கக்கான்னுதான் சொல்லுவா. அங்க உக்காந்திருந்த எங்க மூணு பேருக்கும் அதே பாட்டு. திட்டுவோம், தலையக் குனிஞ்சிக்குவா. ஆனா அவ தையல் யாருக்கும் வராது லா. ஒத்த ஆளு, எவ்வளவுதான் தைப்பா? லோன் வந்தா இன்னொரு மிஷின் போட்டுடுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, பாவம்."

தீபாவளி நேரத்தில் டெய்லர் கடைக்கு நடையாய் நடப்பது ஊரறிந்த சங்கதி. என் மனைவியே நடந்திருக்கிறாள். சே, என் மரமண்டைக்கு மட்டும் உறைக்கவில்லை.

"நீங்க எதுக்குண்ணே அங்க வந்தீங்க?"

"வீட்டுக்காரி பிளவுஸ் வாங்க" என்றேன்.

"ஐயோ, உங்களுதும் மூடின கடைக்குள்ள மாட்டிக்கிச்சா?" என்று அந்த அம்மா எனக்காக வருத்தப்பட்டார்.